போருக்காகக் கட்டிய பெட்ரோல் கப்பல்கள் முப்பது ஆண்டுகள் ஓடியது எப்படி?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரின்போது அவசர அவசரமாகக் கட்டப்பட்ட அமெரிக்கக் கடற்படையின் சிறிய பெட்ரோல் டாங்கர்களில் சில, 1970கள் வரை பணியில் இருந்திருக்கின்றன. பெரிய எண்ணெய்க் கப்பல்கள் அத்தனை இருந்தும் இவற்றைத் தனியாக எதற்குக் கட்டினார்கள்? போர் முடிந்ததும் பழைய இரும்புக்குப் போகாமல் எப்படித் தப்பின?

இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்பது என் கருத்து. பெட்ரோல் மற்ற எண்ணெயைப் போன்ற சரக்கு அல்ல. அது அவசரமாகத் தேவைப்பட்ட இடங்களில் துறைமுகமும் இல்லை. இந்த இரண்டு சங்கடங்களும் சேர்ந்துதான் இந்தக் கப்பல்களைப் பிறப்பித்தன. இரண்டும் நீங்காதவரை இவற்றுக்கு வேலையும் இருந்தது. நான் வணிக டாங்கர்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதனால் முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் கப்பலின் கதை புரியாது.

மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மண்ணெண்ணெய் திரியில் ஏறினால்தான் சுடர் பிடிக்கும். பெட்ரோல் அப்படியல்ல. அதன் ஆவிதான் எரிகிறது, அந்த ஆவி எந்நேரமும் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. விமானப் பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். போர்க்கப்பலின் கொதிகலனில் எரிக்கும் கறுப்பு எண்ணெயோ 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் அந்த நிலைக்கு வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். கப்பலில் பள்ளம் என்றால் பம்ப் அறை. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். ஆகவே நிறைந்த தொட்டியைவிடப் பாதி காலியான தொட்டிக்குத்தான் டாங்கர்காரர்கள் அதிகம் பயப்படுவோம். நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. காலியாக்கிய தொட்டியில் ஆவியும் காற்றும் கலந்து கிடக்கும்.

அந்தக் காலத்து 100 ஆக்டேன் விமானப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் வேறு கலந்திருந்தது. தொட்டியைக் கழுவ உள்ளே இறங்குபவனுக்குத் தீ மட்டும் எதிரியல்ல, மூச்சும் எதிரி.

இப்போது 1942 அக்டோபருக்குப் போகலாம். சாலமன் தீவுகளில் குவாடல்கனால் என்ற தீவு. அங்கே ஹெண்டர்சன் விமானத்தளத்தை அமெரிக்கர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அக்டோபர் 13, 14 இடைப்பட்ட இரவில் கொங்கோ, ஹாருனா என்ற இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் அந்தத் தளத்தின்மீது 900க்கும் மேற்பட்ட 14 அங்குலக் குண்டுகளைப் பொழிந்தன. ஏறக்குறைய 90 விமானங்களில் 48 நாசமாயின. விமானங்களின் இழப்பைவிடக் கொடிய அடி, கையிருப்புப் பெட்ரோலில் பெரும்பகுதி எரிந்துபோனதுதான். மிஞ்சிய விமானங்கள் சரியாக இருந்தும் ஊற்ற எண்ணெய் இல்லை.

அடுத்த சில நாட்களில் பெட்ரோல் கொண்டுவர அவர்கள் பட்ட பாட்டைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் பதைக்கிறது. சரக்கு விமானங்களில் பீப்பாய் பீப்பாயாக ஏற்றி அனுப்பினார்கள். ஆம்பர்ஜாக் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் எரிபொருள் தொட்டிகளில் 9,000 காலன் விமானப் பெட்ரோலை நிரப்பி அனுப்பினார்கள். நீருக்கடியில் போகும் கலத்தில், மூடிய உடலுக்குள், பெட்ரோல்! ஒவ்வொன்றிலும் 2,000 பீப்பாய் பெட்ரோலும் 500 வெடிகுண்டுகளும் ஏற்றிய தட்டைப் படகுகளைக் கட்டி இழுத்தபடி ஒரு சிறிய கப்பல் கூட்டம் புறப்பட்டது. எதிரி விமானங்கள் கண்டுகொண்டதும் பெரும்பாலான கப்பல்கள் திரும்பிவிட்டன. துணைக்குப் போன மெரிடித் என்ற நாசகாரிக் கப்பல் அக்டோபர் 15 அன்று ஜுய்காகு என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். கடலில் மிதந்து தவித்தவர்களில் பலர் காயத்தாலும் சுறாக்களாலும் மாண்டார்கள். மறுநாள் மக்ஃபார்லண்ட் என்ற கப்பல் 40,000 காலன் பெட்ரோலோடு கரையோரம் வந்து, பக்கத்துப் படகுக்கு அதைப் பம்ப் செய்துகொண்டிருக்கும்போதே குண்டு வீசப்பட்டு, படகு தீப்பிழம்பானது.

டாங்கர் செய்ய வேண்டிய வேலையை நாசகாரியும் நீர்மூழ்கியும் பழைய படகும் செய்ததன் விலை இது. பெரிய எண்ணெய்க் கப்பல்கள் அமெரிக்காவிடம் இல்லாமல் இல்லை. ஆனால் அவை நிறைந்த நிலையில் ஏறக்குறைய 30 அடி ஆழம் கேட்கும். பவளப்பாறை சூழ்ந்த தீவின் அருகே அவற்றைக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் அத்தனை பெரிய இலக்கை எதிரிக்குக் காட்டி நிறுத்திவைக்க யாருக்கும் மனம் வராது.

இந்த வேலைக்கென்றே கடற்படை உருவாக்கிய கப்பல் வகைக்குக் குறியீடு ஏ.ஓ.ஜி. அவற்றில் முதன்மையானது பட்டாப்ஸ்கோ வகை. மொத்தம் 23 கப்பல்கள். எல்லாவற்றுக்கும் ஆறுகளின் பெயர். நீளம் 310 அடி, அகலம் 48 அடி. முழுச் சரக்கோடு நீரில் அமிழும் ஆழம் 16 அடிக்கும் குறைவு. இரட்டைச் சுழல்விசிறி, டீசல், மணிக்கு ஏறக்குறைய 15 கடல் மைல் வேகம். தற்காப்புக்கு நான்கு 3 அங்குலப் பீரங்கிகள், ஒரு டஜன் 20 மில்லிமீட்டர் துப்பாக்கிகள், 130 பேர் அளவில் ஆட்கள். சுமை ஏறக்குறைய 2,000 டன். கேட்க அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அது சுமார் 28 லட்சம் லிட்டர். கோர்சேர் போர் விமானத்தின் பிரதானத் தொட்டி ஏறக்குறைய 900 லிட்டர் கொள்ளும். ஒரே ஒரு ஏ.ஓ.ஜி. வந்து சேர்ந்தால் மூவாயிரம் தடவை தொட்டி நிரப்பலாம். ஆம்பர்ஜாக் அத்தனை ஆபத்தோடு கொண்டுவந்த அளவுக்கு எண்பது தடவை வரும்.

இவற்றைக் கட்டிய கதையும் சொல்லத் தக்கது. முதல் ஐந்தை வாஷிங்டன் மாநிலத்தில் கடலோரத்திலிருந்த சியாட்டில்–டகோமா கப்பல்கட்டும் நிறுவனம் கட்டியது. மீதி 18 கப்பல்களைக் கட்டியது கார்கில். ஆமாம், தானிய வியாபாரத்தில் பெயர்பெற்ற அதே கார்கில். கட்டிய இடம் மினசோட்டா மாநிலத்தின் சாவேஜ் என்ற சிற்றூர். அங்கிருந்து கடல் ஆயிரம் மைலுக்கும் அப்பால். கோதுமை ஏற்றும் படகுகளைச் சொந்தமாகக் கட்டிய அனுபவம் கார்கிலுக்கு இருந்தது, அதை நம்பித்தான் கடற்படை இந்த வேலையை ஒப்படைத்தது. மினசோட்டா ஆற்றை 9 அடி ஆழத்துக்குத் தூர்வாரினார்கள். சுற்றுப்பட்டுக் கிராமத்து ஆட்கள் வெல்டிங் பழகி வேலைக்கு வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். 1943 மே மாதம் அகவாம் என்ற முதல் கப்பல் ஆற்றில் இறங்கியது. வெற்றுக் கூடாக, எவ்வளவு லேசாக வைக்க முடியுமோ அவ்வளவு லேசாக, மினசோட்டா ஆற்றிலிருந்து மிசிசிப்பிக்கும் அங்கிருந்து நியூ ஆர்லியன்சுக்கும் இழுத்துப்போய், மிச்ச வேலையை அங்கே முடித்து, அந்த ஆண்டு டிசம்பரில் கடற்படையில் சேர்த்தார்கள். பவளத் தீவுகளை நெருங்குவதற்காக ஆழம் குறைவாக வடிவமைத்த கப்பல் என்பதால்தான் அதை ஓர் ஆற்றங்கரையில் கட்ட முடிந்தது. இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பட்டாப்ஸ்கோ வகையைத் தவிர, வணிகக் கடலோர டாங்கர் வடிவத்தைக் கடற்படைக்கு எடுத்துக்கொண்ட சிறிய வகைகளும் இருந்தன. மெட்டாவீ வகை 220 அடி நீளம். ஒற்றை விசிறி, மணிக்குப் பத்துக் கடல் மைல்தான். அந்த வகையைச் சேர்ந்த ஷீப்ஸ்காட்டின் முடிவு, இந்தக் கப்பல்களின் வேலை எப்படிப்பட்டது என்பதைக் காட்டும். இவோ ஜிமா தீவில் துறைமுகம் இல்லை. ஆனால் அங்கே முஸ்டாங் போர் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ஜப்பானைத் தாக்கிவிட்டுத் தடுமாறித் திரும்பும் பி–29 குண்டுவீச்சு விமானங்கள் அவசரமாக இறங்கின. எல்லாவற்றுக்கும் பெட்ரோல் வேண்டும். திறந்த கடலில், கரைக்கு மிக அருகே கப்பல்கள் நின்றாக வேண்டிய இடம் அது. 1945 ஜூன் 6 அன்று ஷீப்ஸ்காட்டைக் காற்று கரையில் தூக்கிப் போட்டுக் கவிழ்த்தது. அது எதிரியின் குண்டால் போன கப்பல் அல்ல. பெரிய கப்பல் நெருங்க முடியாத கரையை நெருங்குவதற்காகக் கட்டப்பட்டது, அந்த நெருக்கத்தாலேயே போனது.

போர் முடிந்தது. பல ஏ.ஓ.ஜி.க்கள் விற்கப்பட்டன, சில வேலையின்றித் துறைமுகங்களில் கட்டிவைக்கப்பட்டன, சில தொடர்ந்து ஓடின. பசிபிக் முழுவதும் சிதறிக் கிடந்த தளங்களுக்குப் பெட்ரோல் போய்க்கொண்டுதான் இருக்க வேண்டியிருந்தது. அமைதிக்காலம்தானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1949 அக்டோபர் 7 அன்று அமெரிக்க சமோவாவில், டுட்டுயிலா தீவின் பாகோ பாகோ துறைமுகத்தில் செஹேலிஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பெட்ரோல் தொட்டிகளில் ஒன்று வெடித்தது. ஆறு மாலுமிகள் இறந்தார்கள். கப்பல் எரிந்து, கவிழ்ந்து, மூழ்கியது. போரைத் தாண்டி வந்த கப்பலைச் சரக்கே தின்றுவிட்டது. தொட்டியைப் பற்றி நான் முதலில் அவ்வளவு சொன்னது இதற்காகத்தான். செஹேலிசின் கதை இதோடு முடியவில்லை. கடைசியில் திரும்ப வருகிறேன்.

கொரியப் போர் 1950இல் தொடங்கியதும் கட்டிவைத்த ஏ.ஓ.ஜி.க்களில் சிலவற்றை மறுபடி எழுப்பினார்கள். அவற்றில் மூத்த கப்பலான பட்டாப்ஸ்கோவுக்கு வேறு ஒரு விதி காத்திருந்தது. 1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா காஸ்ல் பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. 6 மெகா டன் என்று எதிர்பார்த்தது 15 மெகா டன்னாக வெடித்தது. அதற்கு முன் அதே தீவுக் கூட்டத்தின் எனிவெடோக்கில் இருந்த பட்டாப்ஸ்கோவில் கதிரியக்கத் தூளைக் கழுவித் தள்ளும் நீர்த்தெளிப்பு ஏற்பாடு இல்லை. அதனால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் பேர்ல் துறைமுகத்துக்குப் போய்விடும்படி பிப்ரவரி 27 அன்றே உத்தரவு வந்துவிட்டது. ஆனால் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் உள்ளுறை விரிசல் விட்டிருந்தது. கப்பலால் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஊர முடிந்தது. குண்டு வெடித்தபோது அது பிகினியிலிருந்து இருநூறு கடல் மைல் தூரம்கூட விலகியிருக்கவில்லை. மறுநாள் பிற்பகல் அதன்மேல் தூள் விழத் தொடங்கியது. கப்பலில் கதிரியக்கத்தை அளக்கும் கருவி கிடையாது. ஒன்றும் செய்யாது என்று முதலில் நினைத்து, கழுவும் முயற்சிகூட எடுக்காமல் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

அதே குண்டின் தூளில் நனைந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு ஃபுகுர்யு மாருவையும் அதன் 23 மீனவர்களையும் உலகம் அறியும். ரோங்கெலாப் தீவு மக்கள் பட்ட துயரமும் பதிவாகியிருக்கிறது. அந்த மாதம் அதே கடலில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த பெட்ரோல் கப்பலின் மாலுமிகளைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு. அவர்களையும் அந்த வரிசையில் வைத்துத்தான் நினைக்க வேண்டும்.

வெப்பக் கடலுக்காகக் கட்டியவை என்றாலும் இதே கப்பல்கள் பனிக்கடலுக்கும் போயின. 1955இல் தொடங்கிய அமெரிக்காவின் அண்டார்டிக் பயணங்களில் நெஸ்பெலன், நமகாகன் ஆகிய இரண்டும் எரிபொருள் சுமந்தன. நமகாகனை 1962இல் நியூசிலாந்து கடற்படை இரவலாகப் பெற்று எண்டெவர் என்று பெயரிட்டது. அமெரிக்காவின் மெக்மர்டோ தளத்துக்கும் பக்கத்திலிருந்த நியூசிலாந்தின் ஸ்காட் தளத்துக்குமான சரக்கோடும் எண்ணெயோடும் ஒன்பது ஆண்டுகள் அது பனிக்கட்டிகளுக்கு நடுவே போய்வந்தது. மினசோட்டாவின் ஆற்றங்கரையில் பிறந்த கப்பல் பூமியின் தென்கோடிக்குப் போனது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வியட்நாமில் இவற்றுக்கு இரண்டாவது இளமை வந்தது. 1965இல் சூ லாய் கடற்கரை மணலில் அலுமினியத் தகடுகளை விரித்து மரைன் படையினர் விமானத்தளம் அமைத்தார்கள். ஜூன் 1 அன்று முதல் ஜெட்டுகள் இறங்கின. துறைமுகம் இல்லை, கடலோரத்தில் ஆழமும் இல்லை. மறுபடியும் குவாடல்கனால் நிலைமைதான். ஆனால் இந்த முறை அதற்கான கப்பல் கைவசம் இருந்தது. கரைக்கு அருகே நங்கூரமிட்டு, கடலில் போட்ட குழாயைப் பிடித்து இணைத்து, கரையில் விரித்துவைத்த ரப்பர்ப் பைகளுக்கு எண்ணெயைப் பம்ப் செய்வது. கேட்க எளிது. அலை ஆட்டும்போது கப்பல் ஒரு பக்கமும் குழாய் ஒரு பக்கமும் இழுக்கும். இணைப்பு அறுந்தால் கடல் முழுக்க எண்ணெய். பல மணி நேரம் இரு நங்கூரங்களையும் எஞ்சினையும் வைத்துக் கப்பலை அசையாமல் நிறுத்துவது பெரிய வித்தை. வடக்கே, இரு வியட்நாம்களையும் பிரித்த படைவிலக்க மண்டலத்தை ஒட்டிய குவா வியட் ஆற்று முகத்திலும் இதே வேலைதான், அங்கே எதிரியின் கண்ணெதிரே. பட்டாப்ஸ்கோ, எல்க்ஹார்ன், ஜெனசி, கிஷ்வாகீ, டாம்பிக்பீ, நாக்சுபீ ஆகிய கப்பல்கள் வியட்நாம் கடலில் மாறி மாறி உழைத்தன. அப்போது அவற்றுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. உப்புநீரில் உழைக்கும் டாங்கருக்கு அது முதுமை.

பிறகு ஏன் நின்றன? கப்பல் தேய்ந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது: சரக்கு மாறியது. ஜெட் எஞ்சின் மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடும். கடற்படை 1950களில் கொண்டுவந்த ஜே.பி.–5 என்ற எரிபொருள் 60 டிகிரி செல்சியஸ் வரை தீப்பற்றும் ஆவியை விடாது. விமானந்தாங்கிக் கப்பலின் வயிற்றில் வைப்பதற்காகவே அப்படித் தயாரித்தது. ஸ்கைரைடர் போன்ற பெட்ரோல் எஞ்சின் விமானங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றதும், கடற்படைக்கு விமானப் பெட்ரோலின் தேவை சுருங்கியது. ஜே.பி.–5ஐச் சாதாரண எண்ணெய்க் கப்பலே சுமந்துவிடும். தனியான பெட்ரோல் கப்பல் வேண்டும் என்ற முதல் காரணம் இப்படிக் கரைந்தது. ஆழம் குறைந்த கரை என்ற இரண்டாவது காரணம்தான் இவற்றை வியட்நாம் முடியும்வரை பிழைக்க வைத்தது.

பிற நாடுகளுக்கு அந்த இரண்டாவது காரணம் அப்படியேதான் இருந்தது. நூற்றுக்கணக்கான தீவுகளைக் கொண்ட கிரேக்கம் 1959இல் நாட்சாகையும் 1972இல் டாம்பிக்பீயையும் பெற்றது. தைவான் 1961இல் பெக்கடோனிக்காவையும் பின்னர் எல்க்ஹார்னையும், நியூசிலாந்து திருப்பிக் கொடுத்த நமகாகனையும் எடுத்துக்கொண்டது. ஜெனசி 1972இல் சிலிக்குப் போய் பீகிள் ஆனது. மத்தியதரைக் கடலில் நெடுநாள் உழைத்த சுவாக்கன் 1975இல் கொலம்பியாவுக்குப் போனது. பெயர் மாறி, கொடி மாறி, மாலுமிகள் பேசும் மொழி மாறி ஓடினாலும் வேலை பழைய வேலைதான்: பெரிய கப்பல் நுழைய முடியாத இடத்துக்கு எண்ணெய் கொண்டுபோவது.

செஹேலிசுக்கு வருகிறேன். பாகோ பாகோவில் மூழ்கிய அந்தக் கப்பலின் எல்லாத் தொட்டிகளும் வெடிக்கவில்லை. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, ஆகவே உடையாத தொட்டிகளில் மேற்புறமாக ஏறி அடைபட்டுக் கிடந்தது. துறைமுகத்தின் அடியில், ஊர் மக்கள் மீன்பிடிக்கும் நீருக்குக் கீழே, தகடுகள் துருப்பிடித்து மெலிந்துகொண்டே வந்தன. 2010ஆம் ஆண்டில்தான் அமெரிக்கக் கடற்படையும் கடலோரக் காவல் படையும் முக்குளிப்பவர்களை அனுப்பி அந்தத் தொட்டிகளிலிருந்த பெட்ரோலை வெளியே எடுத்தன. அதன் தோழமைக் கப்பல்கள் வியட்நாமுக்கும் அண்டார்டிக்காவுக்கும் போய் வந்து, வேறு கொடிகளின்கீழ் ஓடி ஓய்ந்திருந்தன. செஹேலிஸ் தன் சரக்கை இறக்கி முடிக்க 61 ஆண்டுகள் ஆயின.